எழுத்துக்கு முன் படம், பாடத்துக்கு முன் விளையாட்டு

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்னும் பழமொழியை அறியாதவர் இல்லை. குழந்தைக்கு மூன்று வயது நிறைந்ததும் பெற்றோர் பலரும் இதனை நினைவுகூர்கின்றனர். உடனே சிலேட்டும் பென்சிலும் வீட்டுக்கு வருகின்றன. பள்ளியில் சேர்த்த சில வாரங்களிலேயே, ‘எத்தனை எழுத்து எழுதினாய்? எதுவரை எண்ணுவாய்?’ என்னும் விசாரணை தொடங்கிவிடுகிறது. குழந்தையின் குறிப்பேட்டில் பக்கங்கள் நிறைந்திருந்தால் அது நல்ல பள்ளி. குழந்தை பாட்டுப் பாடிக்கொண்டும், கையில் களிமண் ஒட்டிக்கொண்டும் வீடு திரும்பினால் அது வீண் பள்ளி என்று முடிவு கட்டப்படுகிறது.

பழமொழி வளைவதைப் பற்றிப் பேசுகிறது. ஒடிப்பதைப் பற்றிப் பேசவில்லை. இளங்கொம்பு வளைவதற்குக் காரணம் அதனுள் இருக்கும் ஈரம். ஈரம் உலர்ந்த கொம்பை வளைத்தால் அது முறிந்துபோகும். குழந்தையின் உள்ளத்தில் உள்ள ஈரம் எது? அதன் ஆவலே ஆகும். ‘அது என்ன? ஏன்? அப்புறம்?’ என்று ஓயாமல் கேட்கும் அந்த ஆவல் உலர்ந்துபோகும் முன், அதன் வழியிலேயே குழந்தையைக் கல்விக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கு உதவும் எளிய கருவிகள் இரண்டு: ஒன்று படநூல், மற்றொன்று பள்ளியில் நிகழும் செயல்பாடுகள். இவ்விரண்டின் பயனைப் பெற்றோரும் பாலர் பள்ளி நடத்துவோரும் ஆராய்ந்து அறிவது நன்று.

படம் என்னும் முதல் மொழி

குழந்தை முதலில் தாயின் முகத்தை அறிகிறது. பிறகுதான் ‘அம்மா’ என்னும் சொல்லை அறிகிறது. நிலவை நோக்கி விரல் நீட்டிய பின்னரே ‘நிலா’ என்று சொல்லக் கற்கிறது. காட்சி முதலாவது, சொல் இரண்டாவது, எழுத்து மூன்றாவது. இது இயற்கை வகுத்த வரிசை. இதனைத் தலைகீழாக்கி, பொருளையும் காட்டாமல் சொல்லையும் பழக்காமல் எழுத்தை மட்டும் நூறு முறை எழுதச் செய்யும்போது கல்வி சுமையாகிவிடுகிறது.

பாரதம் இந்த வரிசையை நன்கு அறிந்திருந்தது. அஜந்தாக் குகைகளின் சுவர்களில் புத்தரின் முற்பிறவிக் கதைகள் ஓவியங்களாக விரிகின்றன. வங்காளத்தில் ‘பட்டுவா’ எனப்படும் ஓவியர்கள் நீண்ட படச்சுருளை மெல்ல விரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் சுட்டிக் கதையைப் பாடுவர். ராஜஸ்தானத்தில் சித்தோர்கட் மாவட்டத்துப் பஸ்ஸி என்னும் ஊரில் ‘காவட்’ செய்யும் தச்சர்கள் உள்ளனர். காவட் என்பது பல கதவுகள் கொண்ட மரப்பேழை. கதைசொல்லி ஒவ்வொரு கதவாகத் திறக்கத் திறக்கப் படங்களும் கதையும் வளர்கின்றன. கடைசிக் கதவின் உள்ளே தெய்வத்தின் திருவுருவம் காட்சி தருகிறது. ‘அடுத்த கதவில் என்ன?’ என்று காத்திருந்த அந்தக் காலத்துக் குழந்தையும், ‘அடுத்த பக்கத்தில் என்ன?’ என்று காத்திருக்கும் இந்தக் காலத்துக் குழந்தையும் ஒரே ஆவலால் இயக்கப்படுகிறார்கள்.

மேலை நாட்டில் குழந்தைகளுக்கென்றே அமைந்த தொடக்கக்காலப் படநூல்களுள் புகழ்பெற்றது, மொராவியா நாட்டுக் கல்வியாளர் கொமேனியஸ் உருவாக்கி 1658இல் நியூரம்பர்க் நகரில் வெளியான ‘ஓர்பிஸ் பிக்டுஸ்’ என்னும் நூலாகும். அதில் எழுத்துகளை அறிமுகப்படுத்திய முறை கருதத்தக்கது. காகத்தின் படத்தருகே அது கரையும் ஒலி, ஆட்டுக்குட்டியின் படத்தருகே அது கத்தும் ஒலி எனத் தெரிந்த ஒலியிலிருந்து தெரியாத எழுத்துக்குக் குழந்தையை அவர் அழைத்துச் சென்றார்.

நம் நாட்டில் கவியரசர் ரவீந்திரநாத் தாகூர் வங்கக் குழந்தைகளுக்காக எழுதிய ‘சஹஜ் பாட்’ என்னும் தொடக்கநிலைப் பாடநூல் 1930இல் வெளிவந்தது. அதற்குப் படங்கள் அளித்தவர் ஓவிய மேதை நந்தலால் போஸ். கறுப்பு, வெள்ளை தவிர வேறு வண்ணம் அந்தப் படங்களில் இல்லை. ஆயினும் மரமும் ஓடமும் மனிதரும் உயிரோடு நிற்கின்றனர். குழந்தைக்குத் தேவை பளபளக்கும் தாள் என்பதைவிட, அதன் வாழ்வோடு உறவுள்ள நேர்மையான படம் என்பதே பொருத்தம்.

விடுதலைக்குப் பின் 1957ஆம் ஆண்டு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் நேஷனல் புக் டிரஸ்டும், கேலிச்சித்திர ஓவியர் சங்கர் நிறுவிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் தோன்றின. குறைந்த விலையில் இந்திய மொழிகளில் படநூல்கள் கிடைக்க இவை வழி செய்தன. பின்னர், 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா போன்ற பதிப்பகங்கள் ஒரே படநூலைப் பல மொழிகளில் வெளியிடலாயின. 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனம், 2015 முதல் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தின் வழியே விலையின்றியும் கதைகளைத் தருகிறது. ஆகவே, படநூல் செல்வர் வீட்டுப் பொருள் என்னும் எண்ணத்துக்கு இன்று இடமில்லை.

படநூலில் குழந்தை கற்பவை

எழுத்தறியாக் குழந்தை ஒரு படநூலைப் புரட்டும்போது அதன் உள்ளத்தில் பல நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன.

முதலாவதாக, நூல் என்றால் என்ன என்பதை அது அறிகிறது. நூலைத் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது. ஒரு பக்கத்துக்குப் பின் அடுத்த பக்கம் வரும். தமிழும் இந்தியும் இடமிருந்து வலமாகச் செல்லும், உருது வலமிருந்து இடமாகச் செல்லும். பெரியவர் வாயிலிருந்து வரும் சொற்களுக்கும் தாளில் உள்ள கறுப்புக் கோடுகளுக்கும் தொடர்பு உண்டு. படித்தவருக்கு அற்பமாகத் தோன்றும் இவை, புத்தகமே இல்லாத வீட்டிலிருந்து வரும் குழந்தைக்குப் புதியவை. இவற்றை அறியாமல் முதல் வகுப்புக்கு வரும் குழந்தையை ‘மந்தம்’ என்று முத்திரை குத்திவிடுவது எளிது. அக்குழந்தையிடம் குறை இல்லை. அதற்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

இரண்டாவதாக, சொல்வளம் பெருகுகிறது. ‘வா, சாப்பிடு, தூங்கு, அதைத் தொடாதே’ எனும் அளவிலேயே வீட்டுப் பேச்சுப் பெரும்பாலும் அமைகிறது. நத்தையும் கலங்கரை விளக்கமும் பனிமலையும் பாலைவனத்து ஒட்டகமும் படநூலின் வழியேதான் பல குழந்தைகளின் பேச்சில் இடம்பெறுகின்றன.

மூன்றாவதாக, காரண காரியத் தொடர்பு புலப்படுகிறது. முதல் பக்கத்தில் மேகம். அடுத்த பக்கத்தில் மழை. அதற்கடுத்த பக்கத்தில் குடைக்குள் பூனை. ‘பூனை ஏன் குடைக்குள் வந்தது?’ என்னும் கேள்விக்கு விடை தேடும் குழந்தை, தர்க்கத்தின் முதல் படியில் கால் வைக்கிறது.

நான்காவதாக, பிறர் உள்ளத்தை உணரும் பழக்கம் வளர்கிறது. கூட்டத்தைப் பிரிந்த யானைக்குட்டியின் படத்தைக் கண்டு குழந்தையின் முகம் வாடுகிறது. தனக்கு நேராத துன்பத்தைத் தன்னுடையதாகக் கருதும் அந்தக் கணம், பின்னாளில் சேவை உணர்வாக மலரக்கூடிய வித்து ஆகும். அறவுரைகள் பல சொல்லியும் நுழையாத கருணை, ஒரு படத்தின் வழியே ஓசையின்றி நுழைந்துவிடுகிறது.

ஐந்தாவதாக, மனம் ஒன்றில் நிற்கப் பழகுகிறது. ஒரே நூலை இருபது முறை படிக்கச் சொல்லிக் குழந்தை வற்புறுத்தும்போது பெரியவர்கள் சலிப்படைகின்றனர். முதல் முறை குழந்தை கதையை அறிகிறது. அடுத்த முறை மூலையில் ஒளிந்துள்ள எலியைக் காண்கிறது. பிறகு வரப்போவதை முன்கூட்டியே சொல்லி மகிழ்கிறது. ஒன்றையே மீண்டும் மீண்டும் நாடி அதன் ஆழத்துக்குச் செல்வது ஏகாக்கிரதையின் தொடக்கமன்றோ!

கை வழியே வரும் கல்வி

படநூல் கண்ணுக்கும் செவிக்கும் விருந்து. கைக்கும் காலுக்கும் வேலை வேண்டும். மூன்று, நான்கு வயதில் குழந்தையின் மணிக்கட்டு எலும்புகள் முழுமையாக உருவாகியிருப்பதில்லை. குருத்தெலும்பாக இருந்து அவை படிப்படியாகவே கெட்டிப்படுகின்றன. விரல்களின் நுண்ணிய தசைகளும் பயிற்சியால்தான் வலுப்பெறுகின்றன. அந்த விரல்களில் பென்சிலைத் திணித்து நான்கு வரிக் கோட்டுக்குள் எழுதச் சொல்வது, நடக்கத் தொடங்கிய குழந்தையை மூட்டை சுமக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

களிமண்ணைப் பிசையும் குழந்தை எழுதுவதற்கான விரல்வலிமையைப் பெறுகிறது. புளியங்கொட்டையையும் வேப்பங்கொட்டையையும் பிரித்து வைக்கும் குழந்தை, வகைப்படுத்துதல் என்னும் கணிதத்தின் அடிப்படையைக் கற்கிறது. மணல் பரப்பிய தட்டில் விரலால் வட்டம் வரையும் குழந்தை எழுத்தின் வளைவுகளுக்குத் தயாராகிறது. வட்டமாக நின்று பாடும்போது தன் முறைக்காகக் காத்திருக்கும் பொறுமை வருகிறது. உணவு வேளையில் தட்டுகளை எடுத்து வைக்கும்போது ‘ஆளுக்கொன்று’ என்னும் எண் அறிவும், பிறருக்குப் பரிமாறும் பண்பும் ஒருங்கே அமைகின்றன.

பாவ்நகரின் ‘மீசை வைத்த அம்மா’

இந்த உண்மைகளைச் செயலில் காட்டியவர்களுள் முன்னோடி, குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா. 1885இல் பிறந்த அவர் வழக்கறிஞராகத் தொழில் புரிந்து வந்தார். தம் மகன் பிறந்த பின் குழந்தைக் கல்வி பற்றிய நூல்களைக் கற்கத் தொடங்கினார். மாண்டிசோரி அம்மையாரின் எழுத்துகள் அவரை ஈர்த்தன. நீதிமன்றத்தை விட்டு விலகி, பாவ்நகரில் நானாபாய் பட் நிறுவியிருந்த தக்ஷிணாமூர்த்தி கல்வி நிலையத்தில் சேர்ந்தார். 1920இல் அங்கே ‘பால மந்திர்’ என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார்.

குழந்தைகளின் பள்ளிக்கு ‘மந்திர்’ என்று பெயர் சூட்டியதே அவருடைய நோக்கைக் காட்டுகிறது. அங்கே பிரம்புக்கும் அச்சத்துக்கும் இடமில்லை. கதை, பாட்டு, நாடகம், தோட்ட வேலை, இயற்கையைக் காணும் உலா ஆகியவையே பாடங்களாயின. குழந்தைகளுக்காக அவர் குஜராத்தியில் எண்ணற்ற கதைகளை எழுதினார். குழந்தைகளிடம் அவர் காட்டிய பரிவைக் கண்ட மக்கள் அவரை ‘மூச்சாளி மா’, அதாவது மீசை வைத்த அம்மா என்று அன்புடன் அழைத்தனர்.

1930களின் தொடக்கத்தில் அவர் எழுதிய ‘திவாஸ்வப்ன’ என்னும் நூல் ஓர் ஆசிரியரின் ஓராண்டுச் சோதனையைக் கதைவடிவில் கூறுகிறது. அடங்காத நான்காம் வகுப்பை அமைதிப்படுத்த அந்த ஆசிரியர் முதலில் செய்யும் முயற்சி தோல்வியுறுகிறது. பின்னர் அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு தானே அடங்குகிறது. எல்லாரும் ஒரே பாடநூலை வாங்குவதற்குப் பதிலாகப் பல கதைநூல்களைச் சேர்த்து வகுப்பிலேயே ஒரு நூலகம் அமைகிறது. ‘பாடம் எப்போது நடக்கும்?’ என்று பெற்றோரும் உடன் பணிபுரிவோரும் அவரையும் கேட்கத்தான் செய்கின்றனர். இன்றைய ஆசிரியர் எதிர்கொள்ளும் கேள்வி புதியதன்று என்பதை இந்நூலால் அறியலாம்.

மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னை அடையாறுக்கு வந்தார். கிஜுபாய் அதே ஆண்டு ஜூன் மாதத்திலேயே மறைந்துவிட்டார். எனினும் அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை.

மேய்ச்சல் நிலத்தில் ஒரு பள்ளி

பாவ்நகரில் கிஜுபாயுடன் பணியாற்றிய தாராபாய் மோடக் 1945இல் மகாராஷ்டிரக் கடற்கரையில் உள்ள போர்டி கிராமத்தில் ஏழைக் குழந்தைகளுக்கான பணியைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணையானார். பின்னர் அப்பணி, வார்லி பழங்குடி மக்கள் வாழும் கோஸ்பாட் பகுதிக்கு விரிந்தது.

அங்கே அவர்கள் கண்ட இடர் வேறு. குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. மாடு மேய்க்கச் சென்றனர். சிறுமியரோ தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்துகொண்டு வீட்டைக் காத்தனர். ‘இவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை’ என்று சொல்லி அந்த இருவரும் திரும்பிவிடவில்லை. குழந்தை இருக்கும் இடத்துக்கே பள்ளியைக் கொண்டுசென்றனர். மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு நடந்தது. வீட்டு முற்றத்திலேயே பாலர் பள்ளி கூடியது. சிறுமியர் படிக்க வரும்பொருட்டுக் கைக்குழந்தைகளுக்கான காப்பகமும் பள்ளியோடு இணைக்கப்பட்டது. விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதிலாக விதைகள், கிளிஞ்சல்கள், கூழாங்கற்கள், இலைகள் ஆகியவை கல்விக் கருவிகளாயின.

பணம் இல்லாததால் நல்ல பாலர் கல்வி இயலாது என்று கூறுவோர் கோஸ்பாடை எண்ணிப்பார்க்க வேண்டும். அங்கு மூலதனமாக இருந்தவை குழந்தையைக் கூர்ந்து நோக்கும் கண்ணும், அதன் நிலைக்கு இறங்கிவரும் உள்ளமுமே. 1962இல் தாராபாய்க்குப் பத்மபூஷண் விருது அளித்து நாடு அப்பணியைச் சிறப்பித்தது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களுக்கு ‘அங்கன்வாடி’, அதாவது முற்றத்துப் பள்ளி என்னும் பெயர் நிலைத்தது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன.

ஐந்து கோசங்களும் ஒரு குழந்தையும்

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை ‘அடித்தள நிலை’ என ஒரே கட்டமாக வகுத்தது. அதையொட்டி 2022 அக்டோபரில் வெளியான பாடத்திட்டச் சட்டகம், மூன்று முதல் ஆறு வயது வரை குழந்தைகளுக்குப் பாடநூல் வேண்டியதில்லை என்கிறது. கதை, பாட்டு, விளையாட்டு, பொம்மை ஆகியவற்றை முன்னிறுத்துகிறது. இதன்படி 2023 பிப்ரவரியில் ‘ஜாதுயி பிடாரா’ என்னும் மாயப்பெட்டியும் அறிமுகமாயிற்று. பொம்மைகள், புதிர்கள், பட அட்டைகள், கதைநூல்கள் ஆகியவை அதில் உள்ளன.

அச்சட்டகம் குழந்தையின் முழு வளர்ச்சியை விளக்கத் தைத்திரீய உபநிடதம் கூறும் ஐந்து கோசங்களை எடுத்துக்கொண்டுள்ளது. ஓடியாடுவதால் அன்னமய கோசம் வலுப்பெறுகிறது. பாட்டும் மூச்சின் ஒழுங்கும் பிராணமய கோசத்துக்கு ஊட்டமாகின்றன. கதையில் சிரிப்பும் அழுகையும் மனோமய கோசத்தைப் பண்படுத்துகின்றன. ‘ஏன்?’ என்னும் கேள்வி விஞ்ஞானமய கோசத்தைத் துலக்குகிறது. தன்னை மறந்து களிமண் யானை செய்யும் குழந்தையின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியோ ஆனந்தமய கோசத்தின் ஒளிக்கீற்று. எழுதுவதையே முழுக் கல்வியாகக் கொள்ளும் பள்ளி, ஐந்தில் பெரும்பகுதியைப் பட்டினி போடுகிறது.

ஐயங்களும் தெளிவும்

‘எப்போதும் விளையாட்டு என்றால் எழுத்து எப்போது வரும்?’ என்பது நியாயமான ஐயம். எழுத்துக்குப் படம் மாற்று ஆகாது. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை உரிய காலத்தில் முறையாகக் கற்பித்தே ஆக வேண்டும். படங்களைக் கண்டு ஊகிப்பதே வாசிப்பு என்று விட்டுவிடுவது பிழை. சொல்வளமும் ஆவலும் நிறைந்த குழந்தைக்கு எழுத்துகளைக் கற்பிக்கும்போது, அதற்கு அறிந்த சொல்லை எழுத்தில் அடையாளம் காணும் மகிழ்ச்சி கிடைக்கிறது. சொல்லையே அறியாத குழந்தை எழுத்தைக் கூட்டிப் படித்தாலும் பொருள் விளங்காமல் நிற்கிறது.

ஆண்டு விழாவுக்காக மாதக்கணக்கில் ஒரே நடனத்தை மனப்பாடம் செய்விப்பதும், ஆசிரியரே செய்து முடித்த கைவேலையைக் குழந்தையின் பெயரில் மாட்டுவதும் செயல்பாடு ஆகா. கோணலாக இருந்தாலும் குழந்தையின் கை செய்ததே அதன் கல்வி.

கைப்பேசியில் ஓடும் படங்கள் போதாவா என்றும் சிலர் கேட்கின்றனர். ஓடும் படம் குழந்தைக்காகக் காத்திருப்பதில்லை. படநூலின் பக்கமோ குழந்தை கேள்வி கேட்டு முடிக்கும்வரை காத்திருக்கிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது, குறைந்தால் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நூல் வாசித்துக் காட்டுவதையும் கதை சொல்வதையும் அது பரிந்துரைத்தது.

படநூலைப் பகிரும் முறை

1988இல் அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிறு குழந்தைகளின் பெற்றோர் இரு பிரிவாயினர். இரு பிரிவினரும் குழந்தைக்குப் படநூல் வாசித்தனர். ஒரு பிரிவினருக்கு மட்டும் இடையிடையே கேள்வி கேட்கவும், குழந்தையின் விடையை விரித்துச் சொல்லவும் பயிற்சி தரப்பட்டது. ஒரே மாதத்தில் அப்பிரிவின் குழந்தைகள் பேச்சில் முந்தினர். எத்தனை பக்கம் வாசித்தோம் என்பதைவிட எப்படி வாசித்தோம் என்பதே முக்கியம் என்பது இதனால் விளங்குகிறது. வீட்டிலும் பாலர் பள்ளியிலும் பின்பற்றத்தக்க முறைகள் வருமாறு:

1. நாள்தோறும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். குழந்தையை மடியிலோ அருகிலோ அமர்த்தி, படம் அதன் கண்ணுக்கு நேரே இருக்கும்படி நூலைப் பிடிக்க வேண்டும்.

2. முதலில் குழந்தை பார்க்கட்டும். அது விரலால் சுட்டும்வரை பெரியவர் பேசாமல் காத்திருப்பது நல்லது.

3. ‘இது என்ன?’ என்று மட்டும் கேளாமல், ‘இங்கே என்ன நடக்கிறது? இனி என்ன ஆகும்?’ என்றும் கேட்க வேண்டும். குழந்தை ‘நாய் ஓடுது’ என்றால், ‘ஆம், கறுப்பு நாய் மழைக்குப் பயந்து ஓடுகிறது’ என்று விரித்துச் சொல்லலாம்.

4. வீட்டு மொழி ஒன்றும் பள்ளி மொழி வேறொன்றுமாக இருந்தால், குழந்தை தன் வீட்டு மொழியிலேயே படத்தைப் பற்றிப் பேசட்டும். சொற்கள் இல்லாத படநூல் எல்லா மொழிக்கும் பொதுவானது. எழுத்தறியாத பாட்டியும் அதை வைத்துக் கதை சொல்லலாம்.

5. கதை முடிந்ததும் அதனைக் கைக்குக் கொண்டுவர வேண்டும். யானைக் கதை என்றால் களிமண்ணில் யானை. மழைக் கதை என்றால் காகிதக் கப்பல்.

6. நூல் கிழிந்துவிடும் என்று பூட்டி வைத்தல் கூடாது. கிழிந்த பக்கத்தைக் குழந்தையோடு சேர்ந்து ஒட்டுவதும் ஒரு பாடமே.

7. நூல் வாங்க இயலாத இடத்தில் பழைய நாட்காட்டி, தீப்பெட்டி, பத்திரிகைப் படங்களைச் சேர்த்துத் தைத்து ஒரு நூல் ஆக்கலாம். குழந்தை வரைந்த படங்களைத் தொகுத்து அதன் பெயரை அட்டையில் எழுதிக் கொடுத்தால், அதைவிட விருப்பமான நூல் அதற்கு வேறு இராது.

குழந்தைப் பருவம் அடுத்த வகுப்புக்கான காத்திருப்பு அறை என்று எண்ணுவதால்தான் அவசரம் பிறக்கிறது. எழுத்தைச் சில மாதங்கள் தாமதமாகவும் கற்றுக்கொள்ளலாம். நான்கு வயதில் உலர்ந்துபோன ஆவலைப் பத்து வயதில் துளிர்க்கச் செய்வதோ மிகக் கடினம். கொம்பில் ஈரம் இருக்கும்போதே அதற்கு நீர் வார்ப்பது பெற்றோர், ஆசிரியர் இருவருக்கும் உரிய கடமை ஆகும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. வீட்டில் உள்ள குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் எத்தனை நூல்கள் உள்ளன?

2. பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தையிடம் ‘என்ன எழுதினாய்?’ என்பதற்குப் பதிலாக எந்தக் கேள்வியைக் கேட்கலாம்?

3. ஊரில் உள்ள அங்கன்வாடிக்கோ பாலர் பள்ளிக்கோ வாரம் ஒருமுறை சென்று கதை சொல்லக்கூடிய பெரியவர்கள் யாவர்?

4. விதை, கிளிஞ்சல், இலை போன்ற செலவில்லாப் பொருள்களைக் கொண்டு அமைக்கக்கூடிய செயல்பாடுகள் ஐந்தினைப் பட்டியலிடுக.